பதினோராவது கேள்வி

"பன்னி வளக்கற தெருவுல இருந்து வந்து நம்மூட்டுப் பாத்திரத்தத் தொட்டா, காமாலை வராம கருவேப்பிலையா வரும்?" ஆத்தாயி, கழுவிக் கவிழ்த்திருந்த குண்டாக்களைக் காலால் தள்ளிவிட்டாள். "நாளையில இருந்து நீ வர வேண்டாம்."

கலைமணி கையிலிருந்த சோப்பு நுரையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பதினாறு வருஷமாக அந்தப் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறவள்.

உள்ளே ஆத்தாயியின் மகன் தனபாலும் மருமகளும் மஞ்சளாகிப் படுத்திருந்தார்கள். அந்த வீட்டிலேயே சாப்பிடுகிற தீவன லாரி டிரைவருக்கும் அவர்களுடைய கோழிப்பண்ணை மேனேஜருக்கும் அதே நோவு. சேலத்தில் ஏ, பி, சி, ஈ என்று எல்லா வைரஸுக்கும் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பேர் தெரியாத நோய்க்கு ஊர் உடனே ஒரு தெருவின் பேரை வைத்தது.

ஐஸ் பெட்டியோடு பின்வாசலில் நின்றிருந்த தனப்பிரியா, கலைமணியின் மகள். சேலத்தில் ஆராய்ச்சி மாணவி. வழக்கமான சோதனையில் சிக்காத காமாலைக்கு எந்த வைரஸ் காரணம் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. எல்லோருடைய ரத்தமும் வேண்டும் என்று கேட்டு வந்திருந்தாள்.

"எடு சாமி," என்றார் ஆத்தாயியின் வீட்டுக்காரர் சின்னண்ணன். "பன்னியில இருந்து காமாலை வருதுன்னு போன்லயே போட்டிருக்கான். நீயும் அதையே எழுதிக் குடுத்துட்டீன்னா பன்னியெல்லாம் ஓட்டிடலாம். படிச்ச புள்ள சொன்னா உங்க சனமும் கேக்கும்."

அந்தத் தெருவில் ஆறு வீட்டுக்குப் பன்றிதான் சோறு. அதில் ஒன்று தனப்பிரியாவின் வீடு. அவள் ஊசியைப் பிரித்தாள்.

நோயாளிகள் நான்கு பேர், சின்னண்ணன், ஆத்தாயி, வீட்டிலும் பண்ணையிலும் வேலை செய்யும் தனப்பிரியாவின் தெருக்காரர்கள், கலைமணியோடு சேர்த்து, ஒன்பது பேர். ஆளுக்கொரு கேள்வித்தாள். பதினோராவது கேள்வி: 'இந்த வீட்டுத் தண்ணீரைக் குடிப்பீர்களா? இல்லையென்றால் ஏன்?' அந்த 'ஏன்' பேராசிரியர் கொடுத்த தாளில் கிடையாது. இவளாகச் சேர்த்தது.

"தெரியாத மாதிரி கேக்கறியே கண்ணு," என்று கலைமணி சிரித்தாள். அவளுடைய பிளாஸ்டிக் டம்ளர் மாட்டுக்கொட்டகை ஓட்டில் செருகியிருந்தது. தெருக்குழாய்த் தண்ணீர்தான் அதற்கு. வீட்டுத் தொட்டித் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கலாம், மாட்டுக்குக் காட்டலாம், அவள் குடிக்கக் கூடாது. ஒன்பது பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். போகும்போது தனப்பிரியா தொட்டித் தண்ணீரையும், தீவனக் குடோனில் பொறி வைத்துப் பிடித்த எலிகளையும், தன் தெருப் பன்றிகளின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் தாயையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"எலிங்க," என்றாள்.

"எலிக் காச்சலா?" என்றார் சின்னண்ணன்.

"அது வேறங்க. இது எலிகிட்ட இருக்கற காமாலை வைரஸ். மனுசனுக்கும் வருதுன்னு கொஞ்ச வருசமாத்தான் தெரியும். அதான் சாதாரண டெஸ்ட்டுல சிக்கல. குடோன் எலி, குடோனை ஒட்டி இருக்கற உங்க தொட்டி, நாலு பேரு ரத்தம், எல்லாத்துலயும் ஒரே வைரஸ். உங்க ரெண்டு பேருக்கும்கூட வந்து, வெளிய காட்டாம போயிருக்குது. பன்னியில இல்லீங்க."

அவள் நீட்டிய அறிக்கையைச் சின்னண்ணன் புரட்டினார். நாலாம் பக்கத்தில் விரல் நின்றது. முணுமுணுத்துப் படித்தார்: 'ஒன்பது பேருக்குத் தொற்று இல்லை. சாதியின் பேரால் அவர்களுக்கு இந்தத் தண்ணீர் மறுக்கப்பட்டிருந்தது.'

அறிக்கையை மூடினார். "எலிய எழுதிக்கோ சாமி. எலி யாரூட்லதான் இல்ல? இந்த வரிய மட்டும் எடுத்துடு. கேஸாயிப் போயிரும்."

"எடுத்தா ஆராய்ச்சி நிக்காதுங்க. ஒரே எடத்துல வேலை செஞ்சு, ஒரே பாத்திரத்தத் தொட்ட ஒம்பது பேருக்கு ஏன் வரலைன்னு கேப்பாங்க. வேற பதில் எங்கிட்ட இல்ல. உங்க பேரு வராது, ஊரு பேரும் வராது. அந்த வரி வரும்."

"இந்த ஊட்டுச் சோத்துலதான்டி நீ வளந்தே," என்றாள் ஆத்தாயி.

"ஆமாங்க. வெளிய உக்காந்து தின்னுதான் வளந்தேன்."

ஆத்தாயி விறுவிறுவென்று உள்ளே போனாள். சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்து கலைமணியிடம் நீட்டினாள். "இந்தா, குடி. எங்கூட்டு டம்ளரு. குடுக்கறோம்னு எழுதச் சொல்லு உம்மகள."

கலைமணி இரண்டு கையாலும் வாங்கினாள். பதினாறு வருஷத்தில் அந்த டம்ளரை ஆயிரம் தடவை தேய்த்திருக்கிறாள், தண்ணீரோடு வாங்கியதில்லை. உள்ளே பார்த்தாள். நிதானமாக நடந்து போய்க் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். டம்ளரைத் துவைகல்லின் மேல், எப்போதும் போல, கவிழ்த்து வைத்தாள்.

"கண்ணு, பன்னெண்டாவதுன்னு ஒண்ணு சேத்துக்கோ," என்றாள். "குடுத்தாங்க. நாங்க குடிக்கல."