தள்ளி நின்ற ஆறு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இடம் போதவில்லையென்றால் என் மேலேயே சாய்ந்துகொள்ளுங்கள். கோபித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போன ஒரு ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு பெரிய நகரத்தின் ஆறு, ஒருநாள் காலை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய் வாயை விட்டு ஒரு முழம் விலகி நின்றது. சேற்றைக் கண்டவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவாளே, அப்படி. மறுநாள் இன்னும் விலகியது. வெங்காய விலையைப் பேசுவது போல ஊர் அதையும் பேசிவிட்டு வேலைக்குப் போனது.

காரணம் அந்த நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பளிச்சக்கா. எதைக் கண்டாலும் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிடுவாள். அதனால் அந்தப் பெயர். அவள் பொறுப்பில் இருந்தது காற்றுத் தொட்டி. ஊரார் குளித்தது, கழுவியது, கக்கூஸில் விட்டது எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அடியிலிருந்து காற்று கொப்பளிக்க, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த அழுக்கைத் தின்று கொழுத்து, அடுத்த தொட்டியில் பழுப்புச் சேறாகப் படியும். தெளிந்த நீர் ஆற்றுக்குப் போகும். படிந்த சேற்றில் ஒரு பங்கைக் காற்றுத் தொட்டிக்கே திருப்பிவிட வேண்டும், பாலுக்கு உறை ஊற்றுவது போல. நிலையத்துப் பொறியாளர் தன் மகளின் பிரசவத்துக்கு லீவில் போயிருந்த நேரம், மேலதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். விருந்தாளி வருகிற வீட்டில் சேறு கிடக்கலாமா? பளிச்சக்கா அத்தனையையும் வெளியேற்றிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். வந்தவர்கள் தொட்டிச் சுவரில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டு போனார்கள்.

அதோடு அழுக்கைத் தின்ன ஆளில்லை. நாற்றமடிக்கும் சாம்பல் நீர் குழாயில் இறங்க, ஆறு எதிர்க்கரைக்கு ஒதுங்கிக்கொண்டே போனது. அந்தக் கரையில்தான் பளிச்சக்காவின் தங்கை, கைக்குழந்தையோடு தையல் வேலை செய்து பிழைத்தாள். துணிக்கொடியைத் தாண்டி வந்த ஆறு அவள் வாசற்படியில் உட்கார்ந்தது. தங்கை போன் போட்டாள்.

“அக்கா, உன் ஆறு என் வாசல்ல வந்து உக்காந்திருக்கு. டீ போடவா, போலீசக் கூப்பிடவா?”

“கேலி பண்ணாதடி. குழந்தையத் தூக்கிட்டு இங்க வந்துடு.”

“தையல் மெஷின உன் தலையில வெச்சா தூக்கிட்டு வர்றது? நீ கழுவினதுக்கு நான் ஏன் வீட்ட விடணும்? மொதல்ல அந்தத் தண்ணியச் சரி பண்ணு.”

லீவு முடிந்து வந்த பொறியாளர் பளபளக்கும் தொட்டியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். “குடியிருந்தவங்க எல்லாரையும் காலி பண்ணிட்டியேம்மா.”

“அழுக்குன்னு நெனச்சுட்டேன் சார்.”

“அழுக்கத் தின்னுறவங்கம்மா அவங்க. சரி, அழாத. பக்கத்து ஊர்லருந்து சேறு கேட்டிருக்கேன்.”

லாரியில் வந்த சேற்றைப் பளிச்சக்கா புது மருமகளை அழைப்பது போல மெல்லத் தொட்டியில் இறக்கினாள். ஆனால் உயிர்கள் நினைத்தவுடன் பெருகிவிடுமா? அவள் காற்றை நிற்கவிடாமல் காவல் இருந்தாள். தேய்க்கத் துடித்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அக்கரையில் ஆறு வீட்டுக்குள் நுழைந்து தையல் மெஷினின் மிதிபலகை வரை ஏறியது. தங்கை குழந்தையைப் பரணில் படுக்கவைத்துவிட்டு, நனைந்த காலோடு ரவிக்கைகளைத் தைத்துக் கொடுத்தாள். வாரங்கள் போயின. ஒரு காலை தொட்டியிலிருந்து மழைக்குப் பிந்திய மண் வாசனை எழுந்தது. குழாயில் கண்ணாடி போன்ற நீர் இறங்கியது. ஆறு ஒரு விரலை நீட்டி அதைத் தொட்டது, ருசி பார்த்தது, கொஞ்ச நேரம் யோசித்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

முழுதாக இல்லை. மெஷின் சத்தம் பிடித்துப்போனதாலோ என்னவோ, ஒரு சாண் அகல ஓடை மட்டும் இரண்டு மீன்களோடு தங்கையின் மெஷினுக்கு அடியில் தங்கிவிட்டது. “நல்ல தண்ணிதானே, இருந்துட்டுப் போகட்டும். குழந்தையும் அழாம வேடிக்கை பாக்குது,” என்றாள் தங்கை. பளிச்சக்கா வரும்போதெல்லாம் மீன்களை நலம் விசாரித்துவிட்டு, ஓடையைச் சுற்றித் தரையைத் துடைத்துக் கொடுப்பாள்.

உங்கள் வீட்டை விட்டுப் போகும் தண்ணீர் போகிற இடத்தில் நல்ல பேர் வாங்கட்டும் கண்ணுகளா. உங்கள் குடும்பத்தைக் கண்டு எந்த ஆறும் முகம் சுளிக்காமல் கிட்டவே நிற்கட்டும்.