ரோஜாவுக்குப் பேன் பார்த்தவள்

பார்லர்காரிக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. அந்த நம்பிக்கையில்தான் ஒருதடவை, "நுனியை மட்டும் வெட்டு" என்று வந்து உட்கார்ந்த அண்ணியின் இடுப்பளவு கூந்தலைத் தோளோடு நறுக்கிவிட்டு, "இப்பத்தான் முகமே தெரியுது அண்ணி" என்று கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள். அதற்கப்புறம் பல வருஷம் அண்ணி அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்ட அண்ணி போன மாதம் தானாகவே வந்து, ஒரு ரோஜாத் தொட்டியை வாசலில் இறக்கிவிட்டு, "பாத்துக்கோ" என்று ஒரே வார்த்தை சொல்லிப் போனாள். பார்லர்காரிக்குத் தலைகால் புரியவில்லை. பால்கனியில் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே ரோஜாவை மகாராணி மாதிரி உட்காரவைத்தாள். இந்தச் செடி பிழைத்தால் உறவும் பிழைக்கும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அண்ணி போன் பண்ணினாள். போன் வந்த அன்றைக்குத்தான் பார்லர்காரி இலைகளை உற்றுப் பார்த்தாள். ஊசியால் குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகள். அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படை. ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டினாள். விழுந்த தூசி நடக்க ஆரம்பித்தது.

சிலந்திப் பேன். இலைச்சாற்றை உறிஞ்சுகிற பூச்சி.

"மருந்துக் கடையில கேட்டுட்டு வரட்டுமா?" என்றான் புருஷன்.

"எத்தனை தலைக்குப் பேன் எடுத்தவ நான்! எனக்கே மருந்தா? போய் உங்க வேலையைப் பாருங்க."

பார்லர் ஷாம்பூவை நுரை பொங்கக் கரைத்தாள். உச்சிவெயிலில் செடியை மேலிருந்து கீழே குளிப்பாட்டினாள். மறுநாள் காலையில் இலைகளின் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. தொட்டால் உதிர்ந்தது.

பார்லர்காரி பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைக்குச் சாயம் போட யார் வந்தாலும், ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவிவிட்டு, மறுநாள் வரச்சொல்லாமல் அவள் பிரஷ்ஷைத் தொட்டதில்லை. கல்யாணப்பெண்ணே வந்து காலில் விழுந்தாலும் விடமாட்டாள். ஊருக்கெல்லாம் அந்த நிதானம். அண்ணி விஷயத்தில் மட்டும் அள்ளித் தெளித்த அவசரம். அன்றைக்குக் கூந்தல், இன்றைக்கு இலை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அழுதுகொண்டு உட்காருகிற ஜாதியல்ல அவள். முதல் வேலையாக ரோஜாவை மிளகாய்ச் செடிகளிடமிருந்து பிரித்து வைத்தாள். கருகியதைக் கத்தரித்தாள். பிடரியைக் கழுவுகிற மாதிரி ஒவ்வோர் இலையின் அடியிலும் தண்ணீரைப் பீய்ச்சினாள். வாசனையில்லாத சோப்பை நிறையத் தண்ணீரில் துளிபோலக் கரைத்தாள். அதையும் ஒரே ஓர் இலையில் தடவிவிட்டு, வாயை மூடிக்கொண்டு மறுநாள்வரை காத்திருந்தாள். இலை வாடவில்லை. வெயில் தாழ்ந்ததும் அடிப்பக்கம் நனையத் தெளித்து, கொஞ்சம் பொறுத்து நல்ல தண்ணீரில் அலசிவிட்டாள். சில நாள் விட்டு மறுபடி, பிறகும் மறுபடி. பேனின் முட்டையெல்லாம் பொரிந்து தீரும்வரை விடக்கூடாதென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை செடி முக்கால்வாசி மொட்டையாக நின்றது. நுனியில் நாலைந்து செந்தளிர்கள்.

"வேற செடி வாங்கி வச்சிடலாமா? ரோஜான்னா ரோஜாதானே" என்றான் புருஷன்.

"என் அண்ணிக்குப் போய் பொய்ச் செடி காட்டுவேனா?"

அண்ணி வந்தாள். நேரே பால்கனிக்குப் போய் மொட்டைச் செடிமுன் நின்றாள்.

"பேன் வந்துச்சு அண்ணி. ஆனா இலையைக் கருக்கினது பேன் இல்ல, நான்தான். கேக்காம கொள்ளாம அவசரப்பட்டுட்டேன். செடி பொழைச்சிடும். அதுக்கு நான் பொறுப்பு."

அண்ணி ஒரு தளிரைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"பேன் இங்க வந்தப்புறம் வந்ததில்ல. நான் குடுக்கும்போதே இருந்துச்சு."

"அடப்பாவமே! பேனோடவா குடுத்தீங்க? என் மிளகாய்ச் செடி என்ன பாவம் பண்ணிச்சு?"

"என் ரோஜா எல்லாம் போயிடுச்சு. மிச்சம் இது ஒண்ணுதான். நீ தப்பா வெட்டினாலும் வெட்டுவ, பாதியில விட்டுட்டுப் போகமாட்ட. அதான் கொண்டுவந்தேன்."

பார்லர்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குள் அண்ணி பார்லர் நடக்கும் முன்னறைக்குப் போய்விட்டாள். பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். கூந்தல் மறுபடி இடுப்புவரை விழுந்தது.

"நுனியை மட்டும் வெட்டு."

பார்லர்காரி கத்தரியை எடுத்தாள். உடனே வெட்டவில்லை. ஒரு கற்றையின் நுனியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக் கண்ணாடியில் காட்டினாள்.

"இவ்வளவு போதுமா அண்ணி?"

அண்ணி கண்ணாடியில் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேலயே வெட்டு" என்றாள்.