டாமியன் ஒளித்த ரோஜாக்கள்

ஒன்பதாம் நாள் ஜெபமும் முடிந்துவிட்டது. ரோஜா என்று ஒரு இதழைக்கூட ஃபெலிசா கண்ணால் பார்க்கவில்லை.

குமாக்கா ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். புனித சிறுமலர் தெரேசாளுக்கு ஒன்பது நாள் ஜெபமான நவநாள் வைத்துக் கேட்டால், கேட்காமலே யாராவது ஒரு ரோஜாவைக் கையில் கொடுப்பார்கள். வந்தால் கடவுள் சரி என்கிறார், வராவிட்டால் வேண்டாம் என்கிறார். ஃபெலிசா கேட்டது சின்ன விஷயமா என்ன! அயர்லாந்தில் நர்ஸ் வேலை, இரண்டு வருஷம். கணவன் டாமியனையும் ஏழு வயது இனெஸையும் விட்டுவிட்டுப் போகவேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குள் ஏஜென்சியில் பதில் சொல்லியாகவேண்டும்.

சனிக்கிழமை காலையில், 'கடவுள் வேண்டாம்னுட்டார், அவருக்குத் தெரியாதா?' என்று மனதைத் தேற்றிக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினாள். அவர் வழி விட்டால் நடப்பாள், மறித்தால் நிற்பாள். அவள் சுபாவமே அது. ஆனாலும் கால் என்னவோ ஏஜென்சிப் பக்கமே இழுத்தது.

சந்தை முனையில் பூக்கார நேனா பிடித்துக்கொண்டாள். ஃபெலிசா அவள் கால்புண்ணுக்கு மருந்து கட்டிய நாளிலிருந்து, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நேனா அவளுக்கு ஒரு ரோஜா எடுத்துக் கொடுப்பது வழக்கம்.

"ஏண்டியம்மா, உன் வீட்டுல என்ன விசேஷம்? ஒம்பது நாளா உன் புருஷன் விடியறதுக்குள்ள வந்து மொத்த ரோஜாவையும் அள்ளிக்கிட்டுப் போறான். உனக்கு ஒண்ணு எடுத்து வைக்கிறேன்னா விடமாட்டேங்குறான்!"

ஃபெலிசாவுக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. விளங்கியதும் மீனாவது மண்ணாவது! டாமியன் சவாரிக்கு நிற்கும் டிரைசிக்கிள் நிறுத்தத்துக்கு நேரே போனாள்.

"ரோஜா எங்கே?"

டாமியன் ஏற்கெனவே துடைத்த வண்டிக் கண்ணாடியையே கையிலிருந்த துணியால் மறுபடி துடைத்தான். "எந்த ரோஜா?"

"அடப்பாவி, தூக்கிப் போட்டுட்டியா?"

"தெரேசாளோட பூவைத் தூக்கிப் போடுவேனா? நான் என்ன மனுஷனா, மிருகமா? எங்க அம்மா கல்லறையில வெச்சிருக்கேன். எல்லாத்தையும்." அவன் குரல் உடைந்தது. "பூ வந்தா நீ போயிடுவே. கடவுளே சொன்னதுக்கப்புறம் நான் எந்த வாயால வேண்டாங்குறது?"

"வேண்டாம்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"அது கடவுளுக்குக் குறுக்கே நிக்கிற மாதிரி ஆயிடாதா?"

"அவர் பூவைத் திருடுறது மட்டும் என்னவாம்?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஃபெலிசாவும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. கோபம் தன்மேலேயேதான் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. "ஒம்பது நாள் சாமிகிட்ட கேட்டேன். உங்கிட்ட ஒரு நாள் கேக்கலையே. நீ மாட்டேன்னுடுவியோன்னு பயந்துதான் பூவைப் பிடிச்சுக்கிட்டேன். நம்மளச் சேர்த்து வெச்சதே அவர்தானே? அதை மறந்துட்டேன் பாரு."

அந்த டிரைசிக்கிளிலேயே, கைகோத்து உட்கார்ந்து ஜெபித்தார்கள். இந்த முறை பூ கேட்கவில்லை. 'எங்க ரெண்டு பேருக்கும் தைரியம் கொடுங்க, மத்ததை நீங்க பாத்துப்பீங்க' என்று மட்டும் கேட்டார்கள்.

"உனக்குப் போகணுமா? உண்மையைச் சொல்லு," என்றான் டாமியன்.

"போகணும்."

அவன் துணியை மடித்து வண்டியின் கைப்பிடியில் செருகினான். பிறகு, "இனெஸுக்கு ஜடை பின்ன மட்டும் எனக்குக் கத்துக்கொடுத்துட்டுப் போ," என்றான். "எனக்கு அது வராது."

ஃபெலிசாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கடவுள் சொல்லிவிட்டார், அவள் கொஞ்சமும் எதிர்பார்க்காத வாயால்.

மணி பதினொன்று. டாமியன் வண்டியை ஏஜென்சிப் பக்கம் திருப்பினான். சந்தை முனையில் நேனா ஒரு ரோஜாவைத் தூக்கிக் காட்டி, "இந்தாடி, இன்னிக்கு மிச்சம் இருக்கு!" என்று கத்தினாள்.

"நீயே வெச்சுக்கக்கா! நேரமாச்சு!" என்று ஃபெலிசா பதிலுக்குக் கத்தினாள்.