காய் முன் நிரை

நீர்வேலிப் பஞ்சலிங்கம் மாஸ்டரின் வெண்பா நூல் வெளியீட்டில் ஆய்வுரை செய்ய முடியுமா என்று விழாக்குழுவினர் கேட்டபோது ஜெனிற்றா யோசிக்கவேயில்லை. "ஓம், வாறன்" என்றாள்.

பள்ளியில் படித்த காலத்தில், குருநகரிலிருந்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவைப் பற்றி ஒரு வெண்பா எழுதிப் போட்டிக்கு அனுப்பியிருந்தாள். நடுவராக வந்த பஞ்சலிங்கம் அதை மேடையில் வாசித்து, ஓசை பிசகிய இடத்தில் ஒலிவாங்கியை விரலால் தட்டிக் காட்டினார்.

"குருநகர்ப் பிள்ளையளுக்கு வலை பின்னத் தெரியும். வெண்பா வேறை விசயம்."

மண்டபம் சிரித்தது. மகளைப் புகழ்கிறார்கள் என்று நினைத்து அம்மா மக்டலீனும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் ஜெனிற்றாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. யாப்பை அவள் ஆசையால் படிக்கவில்லை, வன்மத்தால் படித்தாள். அந்த வன்மமே அவளைத் தமிழ் விரிவுரையாளர் ஆக்கியது.

மானிப்பாய் மண்டபத்தில் பஞ்சலிங்கம் பொன்னாடையோடு முன்வரிசையில் இருந்தார். ஜெனிற்றா முதலில் அட்டைப்படத்தைப் பாராட்டினாள். பிறகு, மீண்டெழுவதைப் பற்றி எல்லோரும் மெச்சிய கவிதையை எடுத்தாள்.

"வீழ்ந்தாலும் மீண்டும் எழுவோம் நெருப்பெரித்துத்
தாழ்ந்தாலும் எழுவோம்..."

அங்கேயே நிறுத்தினாள்.

"நெருப்பெரிச்சால் சாம்பலாகும். தாழுமோ? 'வீழ்ந்தாலும்' எண்டதுக்கு எதுகை வேணுமெண்டு 'தாழ்ந்தாலும்' வந்திருக்கு. அது காய்ச்சீர். வெண்பாவிலை காய்க்குப் பின்னாலை நேரசைதான் வரலாம். 'எழு' நிரையசை. தளை தட்டுது, ஓசை பிசகுது."

சபையில் ஒரு சலசலப்பு. பஞ்சலிங்கம் கதிரையின் நுனிக்கு வந்தார்.

"கவிதை முடியிறதுக்குள்ளை 'எழுவோம்' மூண்டு தரம் வருது. ஒரே சொல் திரும்ப வாற மடக்கெண்டால் பொருள் மாறவேணும். மாறேல்லை."

"அது பின்வருநிலை அணி, பிள்ளை!" அவர் எழுந்தே விட்டார். "அதிலை சொல்லும் பொருளும் அப்பிடியே திரும்பி வரலாம்!"

"வரலாம் ஐயா. வரவர வேகம் கூடவேணும். முதலாவதையும் மூண்டாவதையும் இடம் மாத்தி வாசிக்கிறன். வித்தியாசம் தெரிஞ்சால் சபை சொல்லட்டும்."

வாசித்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. பஞ்சலிங்கத்தின் மனைவி பத்மாவதி தலையைக் குனிந்துகொண்டாள். ஜெனிற்றா அதையும் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை, அடுத்த கவிதைக்குப் போனாள், அதற்கடுத்ததற்கும்.

கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது கிழவர் அவளிடம் வந்தார்.

"உம்மை எனக்கு முன்னம் தெரியாது. என்னிலை உமக்கு என்ன கோபம்?"

அவருக்கு எதுவுமே நினைவில்லை. சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் மன்னிப்புக் கேட்டுவிடுவார், மனம் ஆறிப் போவார். அதை ஏன் கொடுக்க வேண்டும்?

"யாப்பிலை கோபம் ஏது ஐயா?" என்றாள்.

அவர் போய்க் கதிரையில் அமர்ந்து, நூலில் அந்தக் கவிதை இருந்த பக்கத்தை விரித்தார். உதடு அசைய, விரல்மடிப்பில் அசை எண்ணத் தொடங்கினார். ஜெனிற்றா இன்னொரு தேநீர் வாங்கி, ஆறுதலாக, மிடறு மிடறாகக் குடித்தபடி, அவர் எண்ணி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.