கோபத்துக்கு ஒரு டெமோ வகுப்பு

ஆஷ்லினைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? லாஸ்பேட்டையில் ராஜவேல் சார் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் மாலை பேட்ச் என்றால் அது சுமலதா மேம், அதாவது நான். போன மாதம்தான் இந்தப் பெண் வந்து சேர்ந்தாள். கான்வென்ட் படிப்பு, பிரான்சில் சித்தப்பா, நுனிநாக்கு இங்கிலீஷ். சாருக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தத் தடவ ரெண்டு பேரும் டெமோ எடுங்கம்மா. பசங்க யாரக் கேக்கறாங்களோ, மாலை பேட்ச் அவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்.

அது போனால் மத்தியானம் தூங்கி வழியும் பள்ளிப் பிள்ளைகள்தான் எனக்கு மிச்சம். வேலை கிடைத்ததும் ஸ்வீட் பாக்கெட்டோடு ஓடி வந்து, "உங்களாலதான் மேம்" என்பவர்கள் மாலை பேட்ச்காரர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் என் டெமோ. டென்ஸ் நடத்தினேன். ஒரு தமிழ் வார்த்தை கலக்கவில்லை. வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று சென்டரில் சட்டம் போட்டதே நான்தான். பிள்ளைகள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள்.

அடுத்து ஆஷ்லின். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கோபத்துக்கான இங்கிலீஷ் சொற்றொடர்களை எடுத்துக்கொண்டாள். 'ஹிட் த ரூஃப்' என்று போர்டில் எழுதினாள்.

"கேக்காம வண்டிய எடுத்துட்டுப் போனா உங்கப்பா என்னா பண்ணுவாரு?"

"வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு மேம்!" என்றான் கனகசெட்டிக்குளத்துப் பையன்.

"அதேதான். வெள்ளக்காரன் கூரை வரைக்கும் குதிப்பான். நம்மாளுங்க வானம் வரைக்கும்."

வகுப்பே சிரித்தது. 'ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்' சொல்லும்போது, கோடாரி பிடியிலிருந்து கழன்று பறப்பதைக் கையால் காட்டினாள். முன்வரிசையில் ஒருத்தன் நிஜமாகவே தலையைக் குனிந்துகொண்டான். 'சீ ரெட்' என்றதும் கோபத்தில் கண் சிவந்தவள் போல உருட்டிக் காட்டினாள். நன்றாகத்தான் நடத்தினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதே சொற்களை நான் வருஷா வருஷம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். ஒருத்தரும் சிரித்ததில்லை.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

"நிறுத்துடி! இங்கிலீஷ் கிளாஸ்ல என்னாடி தமிழு? நேத்து வந்தவ, பல்லக் காட்டிக்கிட்டு ஆட்டம் போடறியா? எம் பேட்ச்சப் புடுங்கத்தான வந்த?"

பெஞ்சை ஓங்கி அடித்தேன். கை வலித்தபோதுதான் நானும் தமிழில் கத்தியிருக்கிறேன் என்று உறைத்தது.

பிறகு ஒரு குரல்: "மேம், இது ஹிட் த ரூஃப்!"

"இல்லடா, ஃப்ளை ஆஃப் த ஹேண்டில். திடீர்னு வந்துச்சில்ல?"

"சீ ரெட்டு! கண்ணப் பாரு!"

ஏற்பாடு செய்த நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். ஆஷ்லினுக்கு மட்டும் தெரியும். முகம் வெளுத்து, கண் கலங்கி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு என் மானம் போயிருக்கும். அவள் வகுப்பின் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"எல்லாமே கரெக்ட். நமக்காக நடிச்சுக் காட்டுன சுமலதாக்காவுக்கு எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். எனக்கு அப்படி ஒரு கைதட்டல் அதுவரை கிடைத்ததில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் ராஜவேல் சாரிடம் போய் ஆஷ்லின் மேம்தான் வேண்டும் என்றார்கள். ஒரு பெண் மட்டும் என்னிடம் வந்து, "செம ஆக்டிங் மேம். ஆஷ்லின் மேம் கிளாசுக்கு அப்பப்போ வருவீங்கள்ல?" என்று கேட்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். ஆஷ்லின் ஸ்கூட்டியோடு வாசலில் நின்றிருந்தாள்.

"கை வீங்கிருக்குக்கா. பஸ்ல போவாதீங்க, நான் கொண்டுபோய் வுடறேன்."

அவள் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். இங்கிலீஷ், சிரிப்பு, என் பேட்ச் எல்லாம் போதாதென்று, நல்ல பெண்ணாகவும் இருந்து தொலைக்கிறாள்.