ஒரே மடக்கில் இரண்டு மாத்திரை

விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது சின்னவளின் வேலை. ஈரத்தரையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோது, எலும்பு வலுவிழந்திருக்கிறது, கால்சியம் சாப்பிடுங்கள் என்றார் எலும்பு டாக்டர். வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த கையோடு மருந்துக்கடைக்குப் போனாள். துணைக்கு ஓரகத்தி வந்தாள். வீட்டுக்கு மூத்த மருமகள்; எதையும் படித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள். வெறும் கால்சியம், வைட்டமின் கலந்தது, மெக்னீசியம் சேர்ந்தது என்று அலமாரி நிறைய டப்பாக்கள். பெரியவள் கண்ணாடியை ஏற்றி இறக்கி, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தையெல்லாம் படித்தாள். சின்னவளுக்குக் கால் கடுத்தது. கடைசியில் மெக்னீசியம் டப்பா தேறியது.

“கால்சியமும் மெக்னீசியமும் அண்ணன் தம்பி மாதிரி. சேர்ந்திருந்தாதான் வேலை செய்யும்.”

“நம்ம வீட்டு அண்ணன் தம்பியப் பாத்துமா இப்படிச் சொல்றீங்க, அக்கா?”

பெரியவள் சிரித்துவிட்டாள்.

சின்னவள் பல வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். மறந்துவிடக் கூடாதென்று காலையில் அதையும் கால்சியத்தையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கினாள். போகப்போக உடம்பு ஈரச் சாக்காகக் கனத்தது. இஸ்திரி மேசையில் நின்றபடியே கண் செருகியது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. வயசாகிறதில்லையா என்றான் கணவன். மேற்பார்வையாளர் அவளைத் துண்டு மடிக்கும் பக்கம் மாற்றினார்; அதற்கும் கை எழவில்லை. சத்து போதவில்லை என்று பெரியவள் இன்னும் உசத்தியான டப்பா ஒன்றை வாங்கி வந்தாள். அதையும் விழுங்கினாள். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

கடைசியில் தைராய்டு டாக்டரிடமே போனாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தவர், காலையில் எழுந்ததும் என்னென்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். சொன்னாள்.

“ரெண்டையும் ஒண்ணாப் போட்டா தைராய்டு மாத்திரை உடம்புல சேராதும்மா. அத வெறும் வயித்துல தனியாப் போடுங்க. கால்சியத்த மத்தியானச் சாப்பாட்டோட வச்சுக்கோங்க.”

மெக்னீசியம் அவளுக்குச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும், தனியாகத் தேவையில்லை என்றும் சொன்னார். அசதி உடனே போகாது, சில வாரம் ஆகுமாம்.

திரும்பும் வழியில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பெரியவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மனதை அரித்தது. டாக்டர் நேரத்தை மாற்றச் சொன்னார் என்று மட்டும் சொன்னாள். பெரியவள் துருவித் துருவிக் கேட்டு முழுதையும் வாங்கிவிட்டாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“அவ்வளவையும் படிச்சேன். உன்னக் கேக்கணும்னு தோணலையே.”

“எனக்கே தோணல, அக்கா. விடுங்க.”

அந்த வார விடுமுறையன்று பெரியவள் தன் வீட்டிலிருந்து சொல்லாமல் வந்து அடுப்படிக்குள் நுழைந்தாள். சின்னவள் எழப் பார்த்தாள். படு என்று ஒரு பார்வைதான். பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அசதி இன்னும் இருந்தது. சாப்பாடு மூடிவைத்திருந்தது. சின்னவள் மெல்ல உட்கார்ந்து சாப்பிட்டாள்.