நீர் ராசிக்காரி

இரட்டைப் பிள்ளைகள் பிறந்த நேரத்தில் ராசி மாறிவிட்டது. முதலில் வந்தது கடகம், நீர் ராசி. அடுத்து வந்தது சிம்மம், நெருப்பு ராசி. அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நெருப்பு நாலு பேரை வேலை வாங்கும், தண்ணீர் ஊழியம் செய்யும் என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்வார். சொன்னபடியே தம்பியை மேல்படிப்புக்கு அனுப்பினார். அக்காவை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அலசி அலசி அவள் விரல்கள் மரத்துப்போயின. இப்போது சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் அவளுக்கு ஒன்றுதான்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள், அவர் சட்டைகளை மடித்தபடியே அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: "முதல்ல பொறந்தது அவன்தான்டி. நீதான் சிம்மம். பொம்பளப் புள்ளைக்கு நெருப்பு எதுக்குன்னு அப்பா மாத்திச் சொல்லிட்டார்."

அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அம்மா கோணலாக மடித்திருந்த சட்டையைப் பிரித்து, நேராக மடித்து வைத்தாள்.

மாடியிலிருந்து தம்பி கத்தினான். "அக்கா, என் சட்டையைத் துவைச்சாச்சா?"

"காயுது அண்ணா," என்றாள்.

அக்கா கேலி செய்கிறாள் என்று நினைத்து, மேலே அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.